முதல் மதிப்பெண்ணுக்கு டியூஷன் அவசியமா? பொருநைக் கரை தரும் விடை

பள்ளிப் பொதுத்தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெறுவதற்குத் தனிப்பயிற்சி, அதாவது பள்ளி நேரத்துக்கு வெளியே கட்டணம் கட்டிப் பெறும் டியூஷன், இன்றியமையாததா என்ற கேள்வி பொருநை என்ற தாமிரபரணியின் பள்ளத்தாக்கு வீடுகளில் ஒவ்வொரு ஜூன் மாதமும் எழுகிறது. பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை, பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வரும் உறவினர்கள், எந்தப் பள்ளி என்று விசாரித்த கையோடு, “டியூஷன் எங்க சேத்துருக்கிய?” என்றும் கேட்டுவிடுகிறார்கள். சேர்த்திருக்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. எங்கே என்பதுதான் கேள்வி. பள்ளி மட்டும் போதாது என்பது கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் முன்கூட்டியே முடிவான செய்தியாகிவிட்டது. அந்த முடிவு எந்த அளவுக்குச் சரி, அதற்காகக் குடும்பங்கள் கொடுக்கும் விலை என்ன, அந்த விலையைக் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன வழி ஆகியவற்றை ஆராய்ந்து பார்க்க வேண்டிய நேரம் இது.

விலையின் அளவை நாடு தழுவிய கணக்கு காட்டுகிறது. மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2025-இல் வெளியிட்ட கல்விச் செலவு ஆய்வின்படி, இந்தியப் பள்ளி மாணவர்களில் 27 விழுக்காட்டினர் ஆய்வு நடந்த கல்வியாண்டில் தனிப்பயிற்சிக்குச் சென்றுள்ளனர். நகர்ப்புறங்களில் இது 30.7 விழுக்காடு, கிராமப்புறங்களில் 25.5 விழுக்காடு. மேல்நிலை வகுப்புகளில் தனிப்பயிற்சிக்கு ஆகும் சராசரிச் செலவு, மாணவர் ஒருவருக்கு, நகரத்தில் ஆண்டுக்கு 9,950 ரூபாய், கிராமத்தில் 4,548 ரூபாய் என்கிறது அதே ஆய்வு. முக்கூடல், ஆழ்வார்குறிச்சி, கடையம் வட்டாரங்களில் மடியில் சொளகை வைத்துக்கொண்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தாய்க்கு அந்த 4,548 ரூபாய் வாரக்கணக்கான உழைப்பு. வீரவநல்லூரின் தறி வீட்டுக்கும் பத்தமடையின் பாய் நெய்யும் வீட்டுக்கும் கணக்கு இதைவிடப் பெரிதாக மாறிவிடாது. டியூஷன் உண்மையிலேயே இன்றியமையாததாக இருந்தால், முதல் மதிப்பெண் என்பது பணம் உள்ளவர்களுக்கு மட்டும் திறந்த கதவாகிவிடும். இன்றியமையாதது அல்ல என்றால், இந்தக் குடும்பங்கள் தேவையில்லாத ஒரு சுமையைச் சுமக்கின்றன. இரண்டில் எது உண்மை என்பதைப் பொறுத்து இந்தப் பள்ளத்தாக்கின் ஏழைப் பிள்ளைகளுடைய எதிர்காலமே மாறும்.

நிழலாகத் தொடரும் கல்வி

தனிப்பயிற்சியை ஆராய்ந்த கல்வியாளர்களில் முதன்மையானவரான மார்க் பிரே, 1999-இல் யுனெஸ்கோவின் கல்வித் திட்டமிடல் நிறுவனம் வெளியிட்ட நூலில், இதனை ‘நிழற்கல்வி’ என்று அழைத்தார். பள்ளியின் பாடத்திட்டம் மாறினால் டியூஷனின் பாடத்திட்டமும் மாறுகிறது, பள்ளித் தேர்வு பெரிதானால் டியூஷனும் பெரிதாகிறது, பள்ளி இல்லாவிட்டால் டியூஷனும் இல்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். தமிழ்நாட்டின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்று. 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தபோது ‘பிளஸ் டூ டியூஷன்’ பிறந்தது. 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்ததும் அதற்கெனத் தனி வகுப்புகள் முளைத்தன. அந்த நுழைவுத்தேர்வு 2007-இல் சட்டத்தின் வழியே நீக்கப்பட்டபோது அவ்வகுப்புகள் மறைந்து, பிளஸ் டூ மதிப்பெண்ணையே குறிவைத்த பயிற்சி பெருகியது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்யவைக்கும் போக்கு சில பள்ளிகளில் ஓங்கியதும் இந்தக் காலத்தில்தான். 2017-இல் மாநில அரசு முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது, பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது, மேல்நிலைத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணை 1200-இலிருந்து 600-ஆகக் குறைத்தது. அதே ஆண்டில் மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வும் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வர, நிழல் தன் திசையை மீண்டும் மாற்றிக்கொண்டது.

நிழலைச் சட்டம் போட்டு அழிக்க முயன்ற நாடுகளும் உண்டு. தென் கொரியா 1980-இல் தனிப்பயிற்சியைத் தடை செய்தது. அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2000-இல் அத்தடை செல்லாது என்றது. சீனா 2021-இல் பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்துவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதன் 28-ஆவது பிரிவில், ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. வகுப்பறையில் பாதியைச் சொல்லி மீதியை வீட்டுத் திண்ணையில் விற்கும் நிலை வந்துவிடக் கூடாது என்பதே இப்பிரிவின் நியாயம். ஆனால் தடைகள் தேவையைத் தீர்ப்பதில்லை. பெற்றோர் டியூஷனில் எதைத் தேடுகிறார்கள் என்பதை அறிந்து, அதைப் பள்ளியிலேயே கிடைக்கச் செய்வதுதான் தீர்வாகும்.

திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும்

கட்டணம் கொடுத்துத் தனியாகக் கற்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்களிடம் கல்வி நிலை பற்றி அறிக்கை கேட்டார். திருநெல்வேலி ஆட்சியரும் அறிக்கை அனுப்பியவர்களில் ஒருவர். 1826-இல் தொகுக்கப்பட்ட விவரத்தில், சென்னை நகரில் வீட்டில் வைத்துக் கல்வி பெற்றவர்கள் 26,000-க்கு மேல் என்றும், அது பள்ளியில் பயின்றவர்களைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகம் என்றும் பதிவாகியுள்ளது. அந்த எண்ணிக்கையில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயப்பட்டார். இருந்தாலும், வசதி உள்ள வீடுகள் ஆசிரியரை வீட்டுக்கே அழைத்துக்கொண்டன என்பதில் ஐயமில்லை.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் இதற்கு வேறொரு மாற்றையும் வைத்திருந்தது. ஓர் ஆசிரியர் பல வயதுப் பிள்ளைகளை ஒரே திண்ணையில் வைத்துக் கற்பிக்க நேர்ந்ததால், மூத்த மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக அமர்த்தி, இளையவர்களின் மணலெழுத்தையும் ஓலையையும் பார்த்துத் திருத்தும் பொறுப்பை அவனிடம் விட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அனாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இந்த முறையைத் தன் பள்ளியில் கையாண்டு இங்கிலாந்துக்கும் கொண்டுசென்றார். அது அங்கே ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தையும் யாரோ ஒருவர் அன்றன்றைக்குப் பார்த்துத் திருத்த வேண்டும், அதற்குத் தனிக்கட்டணம் தேவையில்லை என்ற அறிவு இந்த நிலத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

1820-இல் திருநெல்வேலிக்கு வந்த கிறித்தவ சமயப் பணியாளர் ரேனியஸ் தம் காலத்தில் ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்ததும், பின்னாளில் சாராள் தக்கர், தூய யோவான், தூய சவேரியார், சதக்கத்துல்லா அப்பா கல்லூரிகள் எழுந்ததும் சேர்ந்துதான் பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்ற பெயரைத் தந்தன. பல தலைமுறைகளாகப் பனையேறிகளின் பிள்ளைகளும் உழவர்களின் பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளின் வழியே ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் உயர்ந்தனர். அந்த உயர்வின் அடித்தளம் பள்ளிதான். டியூஷன் பின்னால் வந்து சேர்ந்தது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

டியூஷனுக்குப் போனவர்கள் நல்ல மதிப்பெண் பெறுகிறார்களே என்பது பொதுவான வாதம். இந்த வாதத்தில், ஆய்வாளர்கள் ‘தேர்ந்தெடுப்புச் சார்பு’ என்று குறிப்பிடும் பிழை ஒளிந்திருக்கிறது. பெயர்பெற்ற டியூஷன் மையங்களில் பல, முந்தைய வகுப்பின் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்கின்றன; படிப்பில் அக்கறையும் கையில் பணமும் உள்ள பெற்றோர்தான் அங்கே பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறார்கள். அந்தப் பிள்ளை டியூஷனுக்குப் போகாமல் இருந்தாலும் நன்றாகவே எழுதியிருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், மே மாதத்துச் சுவரொட்டியில் சிரிக்கும் முகங்களை வைத்து டியூஷனின் பயனை அளக்க முடியாது.

ஒப்பிடத்தக்க இரு குழுக்களை அமைத்துச் செய்த ஆய்வுகளே உண்மைப் பயனைக் காட்டும். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் கற்பிக்கப்பட்ட மாணவர்களில் சராசரி மாணவர், சாதாரண வகுப்பறை மாணவர்களில் 98 விழுக்காட்டினரைவிட மேலே இருந்தார். பின்வந்த ஆய்வுகள் இந்த அளவுக்குப் பெரிய பயனைக் காணவில்லை. 2020-இல் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு நடுத்தரமான, ஆனால் உறுதியான பயனையே கண்டது. இந்தியாவில் வடோதராவிலும் மும்பையிலும் நடந்து 2007-இல் வெளியான ‘பால்சகி’ ஆய்வு இன்னும் நெருக்கமான சான்று. பின்தங்கிய பதினைந்து, இருபது பிள்ளைகளை வகுப்பிலிருந்து தனியே அழைத்து, அதே வட்டாரத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படையைக் கற்றுத்தர, அவர்களுடைய மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. அதற்குப் பெற்றோர் கட்டணம் எதுவும் கட்டவில்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்கு மிகப் பெரிய சான்று உண்டு. கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபரில் மாநில அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவிலேயே வசிக்கும் பெண்கள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் கற்பித்தனர். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பள்ளி மூடியிருந்த காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டறியப்பட்டது. மீதி மூன்று பங்கு, பள்ளி திறந்து வழக்கம்போல் வகுப்பு நடந்ததால் வந்தது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே வேகமாக மீண்டார்கள் என்பது இந்த ஆய்வின் இன்னொரு முடிவு.

இந்தச் சான்றுகளை ஒருசேரப் பார்த்தால், டியூஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட செயல்கள் அடங்கியிருப்பது விளங்கும். சிறு குழுவில் பிள்ளையின் எழுத்தைப் பார்த்து, எங்கே தவறினாள் என்று சொல்லித் திருத்துவது ஒன்று. பள்ளியில் நடந்த அதே பாடத்தை, மொட்டைமாடிக் கொட்டகையில் ஐம்பது பேரை உட்காரவைத்து மறுபடி நடத்துவது மற்றொன்று. ஆய்வுகள் முன்னதற்கே சான்று தருகின்றன; பெற்றோரின் பணமோ பெரும்பாலும் பின்னதற்கே போகிறது.

விடைத்தாளில் மதிப்பெண் எங்கே போகிறது?

மிக உயர்ந்த மதிப்பெண்ணுக்கும் அதற்குச் சற்றுக் கீழே உள்ள மதிப்பெண்ணுக்கும் இடைப்பட்ட தூரம் எதனால் ஆனது என்பதைப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் ஒன்றே விளக்கும். நூறு மதிப்பெண்ணில் பதினான்கு ஒரு மதிப்பெண் வினாக்களுக்கும், இருபது இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கும், ஐம்பது ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கும், மீதிப் பதினாறு செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் உரியவை. மூன்று செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்கு, மையத்திலிருந்து எட்டு செ.மீ. தொலைவில் உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையும் வினாவை எடுத்துக்கொள்ளலாம். வட்டத்தை வரைந்து, மையத்தையும் புள்ளியையும் இணைத்து, அக்கோட்டுக்கு மையக்குத்துக்கோடு போட்டு, கிடைத்த நடுப்புள்ளியை மையமாக வைத்து இன்னொரு வட்டம் வரைந்தால், இரு வட்டங்களும் வெட்டும் இடங்களே தொடுபுள்ளிகள். தொடுகோட்டின் நீளம் அளவுகோலில் ஏறத்தாழ 7.4 செ.மீ. வரும், 64-இலிருந்து 9-ஐக் கழித்து வர்க்கமூலம் கண்டாலும் அதுவே வரும்.

இந்த முறை தெரியாத மாணவி, முதல் மதிப்பெண்ணுக்குப் போட்டியிடுபவர்களில் அநேகமாக இருக்கமாட்டாள். ஆனால் உதவிப் படம் போடாமல் விடுகிறவளும், குத்துக்கோட்டுக்கான வில்களைத் தாள் அழகாக இருக்கட்டும் என்று அழித்துவிடுகிறவளும், அளந்த நீளத்தைக் கணக்கிட்டுச் சரிபார்க்க மறக்கிறவளும், வரைமுறையை எழுதாமல் விடுகிறவளும் உண்டு. படிக்குப் படி மதிப்பெண் பிரித்துத் தரப்படும் தேர்வில் இவை ஒவ்வொன்றும் அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் என்று கரையும். இந்தக் குறையை மேலும் ஒரு முறை பாடம் நடத்தித் தீர்க்க முடியாது; அவள் எழுதிய தாளை ஒருவர் உட்கார்ந்து பார்த்து, சிவப்பு மையால் வட்டமிட்டு, அவளிடமே திருப்பித் தந்து, அதே வினாவை மறுபடி எழுதவைத்தால்தான் தீரும். ‘சென்டம்’ என்று நெல்லைப் பள்ளிகளில் வழங்கும் நூற்றுக்கு நூறு, பெரும்பாலும் இப்படித் திருத்தப்பட்ட தாள்களிலிருந்தே பிறக்கிறது.

இன்னொரு கணக்கையும் பெற்றோர் கவனிப்பதில்லை. மேல்நிலை இயற்பியல், வேதியியல் பாடங்களில் நூற்றில் எழுபது மட்டுமே எழுத்துத் தேர்வுக்கு உரியது. இருபது செய்முறைக்கும் பத்து அகமதிப்பீட்டுக்கும் உரியவை. பத்தாம் வகுப்பு அறிவியலிலும் நூற்றில் இருபத்தைந்து செய்முறைக்குப் போகிறது. பிப்பெட்டைப் பிடித்து உப்பைப் பகுத்தாயும் ஆய்வகம் பள்ளியில்தான் இருக்கிறது, டியூஷன் வீட்டில் இல்லை. விடியற்காலை ஒரு டியூஷன், மாலையில் ஒரு டியூஷன் என்று ஓடி, வகுப்பறையில் தூங்கி வழியும் பிள்ளை இந்த மதிப்பெண்ணுக்கு உரிய கவனத்தைப் பள்ளியில் செலுத்த இயலாமல் போகிறது.

2010-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் 500-க்கு 495 பெற்று மாநில முதலிடம் பெற்றவர், திருநெல்வேலி டவுனில் உள்ள கல்லணை மாநகராட்சி மகளிர் மேல்நிலைப் பள்ளியின் மாணவி. பெருங்கட்டணப் பள்ளிகளுக்கே முதலிடம் உரியது என்று நம்பியிருந்த மாநிலத்துக்கு அந்த முடிவு பெரும் வியப்பைத் தந்தது. ஒரு மாணவியின் வெற்றி எல்லாருக்கும் பொதுவிதி ஆகாது. ஆனால் உள்ளாட்சி நடத்தும் பள்ளியின் வகுப்பறை முதலிடத்துக்குத் தடையல்ல என்பதை நிறுவ அந்த ஒன்றே போதும்.

எப்போது தேவை?

தனிப்பயிற்சியே கூடாது என்று சொல்வதும் நேர்மையாகாது. பின்னமும் சமன்பாடும் ஏழாம் வகுப்பிலேயே புரியாமல் போய், அந்தக் குறையோடு பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கும், நோயால் மாதக்கணக்கில் பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கும், தமிழ்வழியில் படித்துவிட்டு மேல்நிலையில் ஆங்கிலவழிக்கு மாறிய பிள்ளைக்கும், குறிப்பிட்ட பாடத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு உதவி தேவைப்படுகிறது. குறை தீர்ந்ததும் நிறுத்தப்படும் உதவியாக அது இருக்க வேண்டும். ஆறு பாடத்துக்கும் ஆண்டு முழுவதும் என்ற பழக்கமாக மாறக் கூடாது.

நீட் போன்ற நுழைவுத்தேர்வுகள் தனி வகை. அவை வேறு பாடத்திட்டத்தையும், விரைந்து விடையைத் தேர்ந்தெடுக்கும் வேறு திறனையும் சோதிப்பவை. பள்ளித் தேர்வுக்கான ஆயத்தம் மட்டும் அவற்றுக்குப் போதுவதில்லை. தமிழ்நாட்டில் நீட் தேர்வின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கை, மருத்துவ இடம் பெற்றவர்களில் முன்பே ஒரு முறையாவது முயன்று, மறுபடி எழுதியவர்களின் பங்கு நான்கே ஆண்டுகளில் 12 விழுக்காட்டிலிருந்து 71 விழுக்காட்டுக்கு உயர்ந்ததைக் காட்டியது. ஓராண்டு முழுவதும் வேறு வேலையின்றிப் பயிற்சி மையத்தில் அமரக்கூடிய குடும்பங்களுக்கே அந்தத் தேர்வு சாதகமானது என்பதால்தான், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் தேவைப்பட்டது. நுழைவுத்தேர்வின் அநீதியைப் பள்ளித் தேர்வின் மீது ஏற்றி, இரண்டுக்கும் டியூஷன் வேண்டும் என்று அஞ்சுவதே பெற்றோர் செய்யும் குழப்பம். பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃப், கணிதத்துக்கு நூறும் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பதுமாகப் பள்ளித் தேர்விலிருந்தே இன்றும் கணக்கிடப்படுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பள்ளத்தாக்கு செய்ய வேண்டியது

டியூஷன் விற்பவை மூன்று: படிப்பதற்கு அமைதியான ஒரு நேரம், அடிக்கடி எழுதிப் பார்க்கத் தேர்வு, எழுதியதைத் திருத்தித் தரும் ஒருவர். இந்த மூன்றையும் இலவசமாகத் தரும் வசதி தாமிரபரணிக் கரைக்கு உண்டு. பீடி இலையும் தூளும் பரந்து கிடக்கும் ஒற்றை அறை வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு, மாலை நாலரை முதல் ஆறரை வரை பள்ளியின் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்தால், ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் கணக்கில் கொண்டால், முதல் தேவை நிறைவேறும். அலகுத் தேர்வு முடிந்த ஒரு வாரத்துக்குள் தாளைத் திருத்திப் பிள்ளையின் கையில் தந்து, தவறிய வினாவை மறுபடி எழுதி வாங்குவதைத் தலைமை ஆசிரியர்கள் உறுதி செய்தால் இரண்டாவது நிறைவேறும். பொதுத்தேர்வு முடிந்தபின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கட்டணம் கட்டி விடைத்தாள் நகல் பெறும் வசதி இப்போது இருக்கிறது; தேர்வுக்கு முன்பே, கட்டணமின்றி, ஒவ்வொரு தாளையும் அப்படிப் பார்க்கக் கிடைப்பதே அதைவிடப் பயன் தரும்.

மூன்றாவது தேவைக்குப் பாளையங்கோட்டையே விடை. இரண்டாண்டு பி.எட். படிப்பில் இருபது வாரம் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. தூய சவேரியார், தூய இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரிகள் இருக்கும் ஊரில் அத்தகைய பயிற்சி ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. கலை அறிவியல் கல்லூரிகளின் கணித, இயற்பியல் மாணவர்களும் சேர்ந்து சேரன்மகாதேவி, முக்கூடல், அம்பாசமுத்திரம் பள்ளிகளின் மாலை வகுப்புகளில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர் என்று அமர்ந்து தாள் திருத்தினால், பால்சகியும் இல்லம் தேடிக் கல்வியும் காட்டிய பயன் மேல்வகுப்புகளையும் எட்டும் என்று எதிர்பார்க்கலாம். சட்டாம்பிள்ளை முறையை உலகுக்கே தந்த மாநிலத்துக்கு இது அந்நியமான யோசனையும் அல்ல.

பெற்றோர் செய்யக்கூடியதும் எளிது. டியூஷனுக்குப் பணம் கட்டும் முன், பிள்ளையின் கடைசி மூன்று தேர்வுத் தாள்களை வாங்கிப் பார்த்து, மதிப்பெண் எங்கே போனது என்பதைப் பிள்ளையிடமே கேட்க வேண்டும்; எழுத்தறியாத தாயும் இதைக் கேட்க முடியும். பாடம் புரியாமல் போனதா, புரிந்தும் எழுதத் தவறியதா என்பது அந்த உரையாடலில் தெரிந்துவிடும். எழுதத் தவறியது என்றால், வேண்டியது மறுபடி எழுதிப் பார்க்கும் பழக்கமே, டியூஷன் அல்ல. புரியவில்லை என்றால், முதலில் போய் நிற்க வேண்டிய இடம் பாடம் நடத்திய ஆசிரியரின் மேசை. ஆசிரியரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு; பதில் சொல்லும் கடமை பள்ளிக்கு உண்டு. அந்தக் கடமையைப் பள்ளி நிறைவேற்றும் ஊரில், பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் முதல் மதிப்பெண் ஒரே தூரத்தில்தான் இருக்கும்.